மெழுகு பூசுமுன்

புதிய வாகனம் வாங்குவோர் அதனைக் கோவில் முற்றத்துக்குக் கொண்டுவந்து மந்திரித்துச் செல்வது நம் மக்களிடையே நெடுங்காலமாக நிலவிவரும் நல்வழக்கம். நாம் செபம் சொல்லித் தீர்த்தம் தெளித்து முடித்ததும், வண்டிக்குரியவர்களுள் சிலர் நம்மைச் சற்று ஒதுக்கமாக அழைத்துச் சென்று, "சாமி, இந்த வண்டிக்கு என்ன பாலிஷ் போடலாம்?" என்று கேட்பதுண்டு.

ஒரு குருவானவரிடம் கேட்கத்தக்க வினாவா இது என்று வாசகர்கள் புன்னகைக்கலாம். இதற்குக் காரணம் உண்டு. 2016-ஆம் ஆண்டில் கடற்கரையோரப் பங்கு ஒன்றில் நாம் பணியாற்றிய காலத்தில், கார் மெழுகு தொடர்பாகப் பெரும் பிழை ஒன்றைச் செய்தோம். அதனைப் பீடத்தின் முன் நின்று மக்களிடம் அறிக்கையிடவும் நேர்ந்தது. அன்றுமுதல், "மெழுகைப் பற்றிச் சாமியிடம் கேள்" என்பது அவ்வட்டாரத்தில் பாதி வேடிக்கையும் பாதி உண்மையுமான பேச்சாகிவிட்டது.

அந்நிகழ்ச்சியில் நம்மால் துன்புற்றவர், வண்டிகளுக்கு வண்ணம் அடிக்கும் தொழிலாளி ஒருவர். இதனை எழுதலாமா என்று அவரிடம் இசைவு கேட்டோம். "எழுதுங்க சாமி. ஆனா வெறும் கதையா எழுதாதீங்க. எந்த வண்டிக்கு எதைப் பூசணும்னு சேர்த்து எழுதுங்க. நாலு பேர் வண்டியாவது தப்பிக்கும்" என்றார். அவர் விதித்த அந்நிபந்தனையை ஏற்றுக்கொண்டே எழுதுகிறோம்.

அப்பங்கு இல்லத்தில் அப்போது வெள்ளை நிற அம்பாசிடர் கார் ஒன்று இருந்தது. அவ்வகைக் கார்களின் உற்பத்தி 2014-ஆம் ஆண்டிலேயே நின்றுபோயிற்று. நம்முடையதோ அதற்கும் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் முன்னர் வாங்கப்பட்டது. நள்ளிரவில் பிரசவ வேதனைப்படும் பெண்களை நகரத்து மருத்துவமனைக்குக் கொண்டு சேர்த்ததும், நோயில்பூசுதல் வழங்கத் தொலைவிலுள்ள ஊர்களுக்கு நம்மைச் சுமந்து சென்றதும் அதுவே. உப்புக் காற்றினால் கதவுகளின் அடிவிளிம்பில் துருவேறி, வண்ணம் பொரிந்து உதிர்ந்துகொண்டிருந்தது. மேதகு ஆயர் அவர்கள் உறுதிப்பூசுதல் வழங்க மே மாதத்தில் வருகை தருவதாக அறிவிக்கப்பட்டதும், அதற்குள் வண்டிக்கு வண்ணம் அடித்துவிட வேண்டும் என்று பங்குப்பேரவை முடிவு செய்தது.

நகரத்துச் சாலையில் ஒரு பூவரச மரத்தடியில் கொட்டகை போட்டுத் தொழில் செய்துவந்தார் நாம் குறிப்பிட்ட அன்பர். நம்மைவிட வயதில் மூத்தவராதலின், ஊராரைப் போலவே நாமும் அவரை 'அண்ணாச்சி' என்றே அழைப்போம். கூலியும் பொருளுமாகப் பதினெட்டாயிரம் ரூபாய் என்று பேசி, பத்தாயிரத்தை முன்பணமாகக் கொடுத்தோம். துருவைச் சுரண்டி, பட்டி பார்த்து, உப்புத்தாள் தேய்த்து, எனாமல் வண்ணம் அடித்து, ஆயர் வருவதற்குப் பத்து நாள்களுக்கு முன்பே வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார். மீதித் தொகையை மாத இறுதியில் தருவதாகச் சொன்னோம். புறப்படும்போது அவர் சொன்ன சொற்கள் இன்றும் நம் செவியில் ஒலிக்கின்றன: "சாமி, மூணு மாசத்துக்கு இதுமேல எதையும் தேய்க்காதீங்க. பச்சைத் தண்ணி மட்டும் போதும்."

கேட்டோம், தலையையும் அசைத்தோம். ஆனால் மனத்தில் வாங்கிக்கொள்ளவில்லை.

குவைத்து நாட்டில் வேலை பார்க்கும் பங்கு இளைஞர் ஒருவர் விடுமுறையில் வந்திருந்தார். அவர் நமக்கு அன்பளிப்பாகப் புட்டி ஒன்றைக் கொண்டுவந்து தந்தார். காரின்மேல் பூசினால் கண்ணாடிபோல் மின்னும் என்றும், தம் காருக்குத் தாம் பூசுவது அதுவே என்றும் சொன்னார். ஆயர் வருவதற்கு மூன்று நாள்களுக்கு முன், ஓட்டுநர் இல்லாத வேளையில், நண்பகல் வெயிலில் வண்டியை நிறுத்தி, நாமே துணியை எடுத்துக்கொண்டு பானெட்டின்மீதும் கூரையின்மீதும் தாராளமாகப் பூசித் தேய்த்தோம். வண்டி மின்னியது உண்மை. "புது வண்டியா?" என்று ஆயர் கேட்டார். நம் உள்ளம் குளிர்ந்தது.

மூன்று வாரம் சென்றது. பானெட்டின் மினுமினுப்பு மங்கி, வெண்புகை படர்ந்ததுபோலாயிற்று. விரல் வைத்தால் ரேகை பதிந்தது. மணலும் தூசியும் வண்ணத்தில் ஒட்டிக்கொண்டு வர மறுத்தன. ஆங்காங்கே கடுகளவு கொப்புளங்களும் எழுந்தன. அண்ணாச்சியை அழைத்துவரச் செய்தோம். பங்குப்பேரவை உறுப்பினர் ஐவரும் ஓட்டுநரும் கோவிற்பிள்ளையும் நிற்க, "மலிவான வண்ணத்தை வாங்கி, தின்னரை அதிகமாகக் கலந்து அடித்துவிட்டீர்கள். கோவில் பணத்தில் இப்படிச் செய்யலாமா?" என்று கேட்டோம். "அப்படி இல்ல சாமி" என்றதற்குமேல் அவர் ஒன்றும் பேசவில்லை. வண்டியைச் சீர்செய்து தரும்வரை மீதி எட்டாயிரம் ரூபாயைக் கொடுப்பதற்கில்லை என்றும் சொல்லி அனுப்பினோம்.

அவ்வார்த்தைகள் அன்று மாலையே ஊரைச் சுற்றி வந்துவிட்டன. வண்ணம் அடிக்க அவரிடம் விட்டிருந்த வேன் ஒன்றை அதன் உரிமையாளர் திரும்ப ஓட்டிச் சென்றார். கார் ஒன்று வேறு கொட்டகைக்குப் போயிற்று. இவையெல்லாம் நமக்கு அப்போது தெரியாது; தெரிந்துகொள்ளவும் முயலவில்லை.

அண்ணாச்சி தம் செலவிலேயே பானெட்டை மறுபடியும் தேய்த்து வண்ணம் அடித்தார். அடித்த சில நொடிகளில் அதன்மேல் மீன்கண்போல் சிறுசிறு குழிகள் தோன்றின. வண்ணம் அவ்விடங்களில் ஒட்டாமல் விலகி நின்றது. அன்று மாலை மிதிவண்டியில் நம் இல்லத்துக்கு வந்து, வாசற்படியில் நின்றபடியே, "சாமி, வண்டி மேல ஏதாவது பூசினீங்களா?" என்று கேட்டார்.

"துடைத்தோம், அவ்வளவுதான்" என்றோம்.

அவர் நம்மைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, "சரி சாமி" என்று சொல்லிப் போய்விட்டார். நாம் சொன்னது முழுப் பொய்யன்று என்று நம்மை நாமே தேற்றிக்கொண்டோம். நீதியைப் பற்றியும் உண்மையைப் பற்றியும் குருமடத்தில் ஆண்டுக்கணக்கில் பயின்றவர்கள், பொய்யைப் பொய்யன்று என்று வகுத்துக் காட்டுவதிலும் தேர்ச்சி பெற்றுவிடுகிறார்கள் போலும்.

மறுநாள் சனிக்கிழமை. பிறருடைய பாவசங்கீர்த்தனம் கேட்க அமரவேண்டிய நாள். இருக்கையில் அமருமுன் ஆன்மசோதனை செய்தபோது, அவ்வாசற்படியும் அவர் பார்த்த பார்வையுமே நம் கண்முன் நின்றன. இரவில் அப்புட்டியை எடுத்து, பின்புறத்துச் சிற்றெழுத்துக்களை மூக்குக்கண்ணாடியின் துணையோடு முதன்முறையாகப் படித்தோம். புதிதாக மறுவண்ணம் அடித்த வண்டியில் பூசலாகாது; வெயிலில் பூசலாகாது; மெல்லிதாகவே பூசவேண்டும்; இதில் சிலிக்கோன் உள்ளது. மூன்று எச்சரிக்கைகளையும் ஒரே நண்பகலில் மீறியிருந்தோம்.

ஞாயிறு காலைத் திருப்பலி முடிந்ததும், எட்டாயிரம் ரூபாயையும் அப்புட்டியையும் எடுத்துக்கொண்டு கொட்டகைக்கு நடந்தோம். அண்ணாச்சியும் அவர் மனைவியும் அங்கிருந்தனர். புட்டியை வாங்கி, மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தவர், "இதத்தான் சாமி தேடினேன்" என்றார். நடந்ததை முழுவதும் சொல்லி மன்னிப்புக் கேட்டோம். மகளின் கல்லூரிக் கட்டணத்துக்காக அவ்வெட்டாயிரத்தை எதிர்பார்த்திருந்ததையும், அது கிடைக்காமல் வட்டிக்குக் கடன் வாங்கியதையும் அவர் மனைவி சொன்னபோது, நம்மால் நிமிர்ந்து பார்க்க இயலவில்லை. வேலையாளின் கூலியை நிறுத்தி வைப்போரைப் பற்றி யாக்கோபு தம் திருமுகத்தில் கூறியதை எத்தனை முறை பிரசங்கித்திருக்கிறோம்!

பணத்தை அண்ணாச்சி பெற்றுக்கொண்டார். வட்டித் தொகையை நாம் கொடுத்தபோது வாங்க மறுத்தார். பின்னர் மெல்லச் சொன்னார்: "என்கிட்ட சொன்னது சரிதான் சாமி. ஆனா அன்னைக்கு ஏழு பேர் முன்னாடி சொன்னீங்க."

அவர் அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை, கேட்கவும் வேண்டியதில்லை. உண்மைக்கும் நீதிக்கும் எதிராகச் செய்யும் குற்றத்துக்கு மன்னிப்புப் பெற்ற பின்னும் ஈடுசெய்யும் கடமை எஞ்சி நிற்கிறது என்றும், பிறருடைய நற்பெயருக்கு விளைத்த கேட்டுக்கும் அக்கடமை பொருந்தும் என்றும் 1992-இல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி 2487-ஆம் எண்ணில் கற்பிக்கின்றது. நாமே அதனைப் பிறருக்குக் கற்பித்தவர்கள். ஏழு பேர் முன்னிலையில் சொன்னது அதற்குள் ஊர் முழுவதும் பரவிவிட்டபடியால், அடுத்த ஞாயிறு திருப்பலியின் அறிவிப்பு வேளையில், வண்ணத்தைக் கெடுத்தது நாமே என்றும், கேட்டபோது மறைத்தோம் என்றும், அண்ணாச்சியின் வேலையில் குறையேதும் இல்லை என்றும் மக்கள் அனைவர் முன்னும் சொன்னோம். கோவிலில் அப்படியோர் அமைதியை நாம் அதற்குமுன் கேட்டதில்லை.

பானெட்டை அவர் தகடுவரை சுரண்டி, சிலிக்கோன் பிசுக்கு நீங்கும்வரை பலமுறை துடைத்து, மூன்றாம் முறையாக வண்ணம் அடித்தார். அந்நாள்களில் பிற்பகல்தோறும் கொட்டகைக்குச் சென்று அமர்ந்து அவரிடம் கற்றவற்றையும், பின்னர் நூல்களில் படித்துத் தெளிந்தவற்றையும் அவர் விருப்பப்படி இங்கே தருகிறோம்.

முதலாவது, நாம் எல்லாவற்றையும் 'பாலிஷ்' என்று ஒரே பெயரால் அழைக்கிறோம். அதுவே பல பிழைகளுக்கு வேர். ரப்பிங் காம்பவுண்டு, பாலிஷ் ஆகியவை மிக நுண்ணிய அரம்போலச் செயற்பட்டு, வண்ணத்தின் மேற்பரப்பைச் சிறிது தேய்த்து எடுப்பவை. மெழுகும் சீலண்டும் அதன்மேல் ஒரு மெல்லிய காப்பாகப் படிபவை. இக்காலத்துக் கார்களின் வண்ணத்துக்குமேல் 'கிளியர்' எனப்படும் நிறமற்ற பூச்சு ஒன்று உண்டு. அதன் கனம் பெரும்பாலும் நாற்பது, ஐம்பது மைக்ரான் அளவே. தலைமயிரின் கனத்தைவிடக் குறைவு. மாதந்தோறும் பாலிஷ் போட்டுத் தேய்ப்பவர், அழகு என்றெண்ணி அக்காப்பையே கரைத்துவிடுகிறார்.

இரண்டாவது, வண்டியில் கிளியர் உண்டா என்று அறிந்துகொள்ள வேண்டும். கண்ணில் படாத ஓரிடத்தில் சிறிது பாலிஷைத் துணியில் தொட்டுத் தேய்த்தால், வண்டியின் நிறம் துணியில் ஒட்டுமாயின் கிளியர் இல்லை என்பது பொருள். வெள்ளை வண்டியாயின் கறுப்புத் துணியால் தேய்த்துப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, வண்ணத்தின் வயது. தொழிற்சாலையிலிருந்து வரும் புதுக் காரின் வண்ணம் ஏறத்தாழ 140 டிகிரி சூட்டில் அடுப்பிலிட்டு இறுக வைக்கப்பட்டது. அதன்மேல் உடனே மெழுகு பூசினாலும் கேடில்லை. குவைத்து இளைஞரின் கார் அத்தகையது. அவர் சொன்னதில் பிழையில்லை. மரத்தடியில் அடித்த எனாமல் வண்ணமோ, உள்ளிருக்கும் தின்னர் வெளியேறியும், காற்றிலுள்ள பிராணவாயுவை ஏற்றுமே மெல்ல மெல்ல இறுகும். அதன்மேல் காற்றுப் புகாத பூச்சொன்றைப் பூசினால், தின்னர் வெளியேற வழியில்லை. காற்று உட்புகவும் வழியில்லை. நம் பானெட் பிசுபிசுத்ததும் கொப்பளித்ததும் இதனாலேயே. மறுவண்ணம் அடித்த வண்டிக்கு இரண்டு மூன்று மாதம் பொறுத்திருப்பதே முறை. எத்தனை நாள் என்பதை அடித்தவரிடமே கேட்டறிய வேண்டும்.

இனி, எதனைத் தேர்ந்தெடுப்பது? கடையில் கிடைப்பவற்றை மூவகையாகப் பிரிக்கலாம்.

முதல் வகை இயற்கை மெழுகு. இவற்றுள் சிறந்தது கார்னூபா. பிரேசில் நாட்டின் வடகிழக்குப் பகுதியில் வளரும் ஒருவகைப் பனையின் ஓலையிலிருந்து இது கிடைக்கிறது. கடும் வறட்சியில் தன் ஈரத்தைக் காத்துக்கொள்ள அப்பனை தன் ஓலைமேல் சுரந்துகொள்ளும் மெழுகு இது. ஓலையை வெட்டி, உலர்த்தித் தட்டி, உதிரும் பொடியை உருக்கி எடுப்பார்கள். மாத்திரைகளுக்கும் மிட்டாய்களுக்கும் மினுமினுப்புத் தருவதும் இம்மெழுகே. தேன்மெழுகு ஏறத்தாழ 63 டிகிரியில் உருகிவிடும். கார்னூபா உருக 80 டிகிரிக்குமேல் வேண்டும். உயிர்ப்பு விழாவுக்கு ஏற்றிய பாஸ்காத் திரி மே மாதத்து வெப்பத்தில் வளைவதைக் கண்ட நம் வாசகர்களுக்கு, கைவைக்க இயலாதபடி கொதிக்கும் பானெட்டின்மேல் தேன்மெழுகு மட்டும் ஏன் நிலைக்காது என்பதை விளக்க வேண்டியதில்லை. ஆயினும் கார்னூபா தனியே கல்போல் கடினமானது. வேறு மெழுகும் எண்ணெயும் கலந்தே அதனைப் பூச இயலும். ஆகவே டப்பா முழுவதும் கார்னூபா என்னும் விளம்பரத்தை அப்படியே நம்பவேண்டா. பூசுவது எளிது, தவறினால் திருத்துவதும் எளிது. கிளியர் இல்லாத பழைய வண்டிகளுக்கு மிகவும் பொருந்தும். ஆனால் நம் வெயிலில் ஒன்றிரண்டு மாதமே தங்கும்.

இரண்டாம் வகை சீலண்ட் எனப்படும் செயற்கைப் பூச்சு. நாம் பூசியது இதுவே. பாலிமர்களும் சிலிக்கோனும் சேர்ந்தது. வெப்பத்தையும் மழையையும் மெழுகைவிட நன்கு தாங்கும். நான்கு முதல் ஆறு மாதம்வரை நிற்கும். நாள்தோறும் ஓடி, வெட்டவெளியில் நிற்கும் வாடகைக் காருக்கும் வேனுக்கும் ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை இதனைப் பூசினால் போதும். விரைவில் மறுவண்ணம் அடிக்கவிருக்கும் வண்டிக்கு மட்டும் இது ஆகாது. மீன்கண் குழிகள் தோன்றி, வண்ணம் அடிப்பவரைக் கண்கலங்க வைக்கும்.

மூன்றாம் வகை, இன்று பெருவிளம்பரத்தோடு விற்கப்படும் செராமிக் பூச்சு. சிலிக்கா சேர்ந்த இது வண்ணத்தின்மேல் இறுகிப் பிணைந்து, முறையாகச் செய்தால் ஆண்டுக்கணக்கில் நிற்கும். செலவு ஆயிரக்கணக்கில். பூசுமுன் பரப்பிலுள்ள கீறல்களை நீக்கியாக வேண்டும். இல்லையேல் அவற்றின்மேலேயே பூச்சு இறுகிவிடும். தேர்ந்த கைகள் செய்யவேண்டிய வேலை. கல்லடி படாமலோ, ஆழமான கீறல் விழாமலோ இது காப்பதில்லை. நம் ஆழ்துளைக் கிணற்று நீரில் கழுவி அப்படியே காயவிட்டால், உப்புக்கறை இதன்மேலும் படியும். வாடகைக் கார் வாங்கிய கடனுக்கே தவணை கட்டத் திணறும் இளைஞர்கள், பக்கத்து வண்டிக்காரர் செய்தார் என்பதற்காக இச்செலவில் இறங்க வேண்டா என்பது அண்ணாச்சியின் கருத்து. நம் கருத்தும் அதுவே.

எதைப் பூசினாலும் முறை ஒன்றே. காருக்குரிய ஷாம்புவால் கழுவ வேண்டும். சலவைத்தூள் பழைய மெழுகைக் கரைத்துவிடும். மண்ணெண்ணெயாலும் டீசலாலும் துடைப்பது ஒரு நாள் மினுக்கைத் தந்து, தூசியைப் பிடித்துவைக்கும். நன்றாக உலர்ந்தபின், ஒரு பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டிக்கொண்டு தடவிப் பார்த்தால், கண்ணுக்குத் தெரியாத சொரசொரப்பும் தெரியும். அதனை நீக்குவதற்கென்றே விற்கும் களிமண் கட்டியால் ஈரம் சேர்த்து மெல்லத் தடவி எடுக்கலாம். பின்னர் நிழலில், தகடு குளிர்ந்திருக்கும்போது, ஒருசாண் இருசாண் பரப்பாக, மிக மெல்லிதாகப் பூச வேண்டும். அதிகம் பூசினால் அதிகக் காப்பு என்பது பொய். அது துணிக்கே போகும். விரலால் ஒரு கோடு இழுத்துப் பார்த்து, படலம் தூளாக விலகினால் மென்மையான துணியால் துடைத்தெடுக்கலாம். தண்ணீர் தெளித்தால் முத்து முத்தாக நிற்கும்வரை காப்பு இருக்கிறது. பரவி நின்றால் மறுபடியும் பூசும் காலம் வந்தது என்று கொள்ளலாம்.

கடற்கரை மக்களுக்கு இன்னொன்று. துரு பெரும்பாலும் அடியிலிருந்தும் கதவு விளிம்புகளின் உட்புறத்திலிருந்துமே தொடங்குகிறது. மேலே பூசும் மெழுகு அவ்விடங்களை எட்டாது. வாரம் ஒருமுறை நல்ல நீரால் அடிப்பகுதியைக் கழுவுவது விலையுயர்ந்த புட்டியைவிட மேலானது. பறவை எச்சத்தை அன்றன்றே நனைத்துத் துடைப்பதும் அவ்வாறே. ஒன்றும் வாங்க இயலாதவர்கள் வண்டியைக் கழுவி, நீரைத் துடைத்து, நிழலில் நிறுத்தினாலே பாதிக்குமேல் காத்தவர்களாவர்.

அண்ணாச்சியின் நிபந்தனையை நிறைவேற்றிவிட்டோம் என்று நம்புகிறோம்.

அவரிடமிருந்து விலகியோருள் பெரும்பாலோர் ஓராண்டுக்குள் திரும்பி வந்தனர். ஆனால் அந்த வேன்காரர் மட்டும் வரவேயில்லை. எட்டாயிரம் ரூபாயைத் திருப்பிக் கொடுக்க நமக்கு ஒரு நிமிடம் போதுமாயிருந்தது. பெயரைத் திருப்பிக் கொடுக்க ஓராண்டு வேண்டியிருந்தது. அதுவும் முழுமையாக இயலவில்லை. நம்முடைய வெள்ளை அங்கி மக்களிடம் பெற்றிருக்கும் மதிப்பு, நம் சொல்லுக்கு எவ்வளவு கனத்தைத் தருகிறது என்பதை அப்போதே உணர்ந்தோம். அக்கனம் ஓர் ஏழைத் தொழிலாளியின்மேல் விழுந்தால் அவர் எங்ஙனம் எழுந்து நிற்பார்?

ஆதலால் இப்போதெல்லாம், "சாமி, என்ன பாலிஷ் போடலாம்?" என்று யாரேனும் கேட்டால், உடனே விடை சொல்வதில்லை. இரண்டு வினாக்களை முதலில் கேட்கிறோம். வண்ணம் அடித்தவர் என்ன சொன்னார்? அவருக்குக் கூலி முழுவதும் கொடுத்தாயிற்றா?